மெரினா பே சாண்ட்ஸ்: கோயமுத்தூர்ல இருந்து போறவங்களுக்கு முழு விவரம்

நொய்யல்கரை

முழுப் பரீச்சை லீவு வருதுங்க. குடும்பத்தோட சிங்கப்பூர் போறவங்க இந்த வருசமும் எச்சாத்தான் இருப்பாங்க. கோயமுத்தூர்ல இருந்து நேரடி விமானம் இருக்கறதால நாலரை மணி நேரத்துல போய் இறங்கிரலாம். அங்க போனதும் எல்லாரும் முதல்ல கேக்கறது அந்த மூணு கோபுரத்தைத்தான். அதைப் பத்தின விவரம் இங்க பல இழையில சிதறிக் கிடக்குது, எல்லாத்தையும் ஒரே இடத்துல சேப்போம். டூர் கம்பெனி நோட்டீஸ்ல வர்ற வரிகளை இங்க கொண்டுவந்து ஒட்ட வேண்டாமுங்க. எங்க எப்படிப் போகோணும், எதுக்குக் காசு, எது சும்மா, எங்க ஏமாறுவோம்ங்கறதை மட்டும் எழுதுங்க.

அடிப்படை விவரத்தை நானே போட்டுடறேன். கட்டினது லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் கம்பெனி, வரைஞ்சது மோஷே சாஃப்டி. நிலத்தோட சேத்து 800 கோடி சிங்கப்பூர் டாலர் செலவு. 2010 ஏப்ரல் 27-ல பாதி திறந்தாங்க, முறைப்படி திறந்தது 2011 பிப்ரவரி 17. ஒவ்வொரு கோபுரமும் 55 மாடி. மூணுக்கும் மேல குறுக்க 340 மீட்டர் நீளத்துக்கு ஸ்கைபார்க், அதுலதான் விளிம்புல தண்ணி வழியற நீச்சல் குளமும் பார்வைத் தளமும். கீழ கடைவீதி, மாநாட்டு மண்டபம், நாடகக் கொட்டகை, தாமரை வடிவ அருங்காட்சியகம், அப்புறம் கேசினோ. கேசினோவுக்கு ஆரம்பத்துல ஒதுக்கினது 15,000 சதுர மீட்டர்தான். மொத்தக் கட்டடத்துல அது சின்னப் பங்குதாங்க. அதனால கேசினோ பக்கமே திரும்பாம ரெண்டு நாள் அங்கயே சுத்தலாம், பாக்கறதுக்குக் குறையே இருக்காது.

---

பனியன்நகர்

பேக்கேஜ்ல "மெரினா பே சாண்ட்ஸ் உள்பட"ன்னு போட்டிருக்காங்களே, அதுல என்னென்ன வருமுங்க? குளத்துல இறங்கலாமா?

---

அவினாசி ரோடு

இறங்க முடியாதுங்க. அந்த வரியைத்தான் முதல்ல உடைச்சுக் கேக்கோணும். மூணு அர்த்தம் வரும். ஒண்ணு, எதிர்க்கரையில மெர்லயன் சிலை பக்கம் பஸ்ஸை நிறுத்திப் போட்டோ எடுத்துட்டு வர்றது. இதுக்குக் காசே இல்ல. ரெண்டாவது, ஸ்கைபார்க் பார்வைத் தளத்துக்கு டிக்கெட். அது மூணாம் கோபுரத்துக்கு மேல, ஆதாரமே இல்லாம வெளிய 66 மீட்டர் நீட்டிட்டு இருக்கற பாகம். மூணாவது, அந்த ஹோட்டல்லயே ரூம்.

குளம் ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு மட்டும். ரூம் சாவி அட்டையைக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க. பார்வைத் தள டிக்கெட்டை வெச்சுக் குளத்துப் பக்கம் போக முடியாது. இதை முன்கூட்டிச் சொல்லாம கூட்டிட்டுப் போய், மேல நின்னு குழந்தைங்க அழுகறதுதான் நடக்குது. பேக்கேஜ்காரங்ககிட்ட "பார்வைத் தளமா, ரூமா, வெளிய போட்டோவா"ன்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

---

பொள்ளாச்சி இளநீர்

குளத்துக்காகவே அங்க ஒரு ராத்திரி தங்கறது தகுமாங்க? வாடகை மத்த ஹோட்டலைவிடப் பல மடங்கு இருக்குதே.

---

அவினாசி ரோடு

தகும், ஆனா ஒரே ஒரு ராத்திரி. மீதி நாளுக்கு லிட்டில் இந்தியா பக்கம் சாதாரண ஹோட்டலே போதும். ரூம் மதியம் 3 மணிக்குத்தான் கெடைக்கும். அன்னைக்குப் பொழுதோட குளத்துல நிக்க இடமில்லாத கூட்டம். அடுத்த நாள் விடியக்காலையில போனீங்கன்னா பாதிக் குளம் காலியா இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஊர்ல 5 மணிக்கு எந்திரிக்கற பழக்கம் இங்க கை கொடுக்கும்.

ஞாபகம் வெச்சுக்கோணும்: ரூம் வாடகை போக, செக்-இன் பண்றப்ப முன்பணமா ஒரு தொகையைக் கார்டுல பிடிச்சு வெப்பாங்க. ஃபாரெக்ஸ் கார்டோ டெபிட் கார்டோ குடுத்தா, அந்தப் பணம் திரும்பி வர நாள்கணக்காகும். கைச்செலவுக்கு வெச்ச பணம் அங்க போய் மாட்டிக்கும். இதுக்குன்னு ஒரு கிரெடிட் கார்டைத் தனியா வெச்சுக்கோங்க. அப்புறம், போட்டிருக்கற விலைக்கு மேல 10 சதம் சர்வீஸ் சார்ஜ், 9 சதம் ஜிஎஸ்டி வருமா, இல்ல சேத்துத்தான் போட்டிருக்காங்களான்னு பாத்து புக் பண்ணுங்க.

---

பீளமேடு மோட்டார்

குளம்னு பேச்சு வந்ததால உள்ள வேலையை எழுதறேன். நம்ம ஊர்ல பம்பு, வால்வு, ஃபவுண்ட்ரின்னு பொழைக்கறவங்க அங்க போனா, போட்டோ எடுத்துட்டு மட்டும் வராம இதையும் பாத்துட்டு வரோணும்.

கீழ மூணு கோபுரம். காத்தடிச்சா மூணும் தனித்தனியா அசையும். காலப்போக்குல மூணும் தனித்தனியா அமரும். மேல குளத்தோட விளிம்பு மட்டும் ஏறக்குறைய 146 மீட்டருக்கு ஒரே மட்டத்துல நிக்கோணும். கான்கிரீட்ல ஒரே தொட்டியாக் கட்டினா விரிஞ்சுரும். அதனால ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி. ஸ்டீல் மட்டும் சுமார் 191 டன், தண்ணி ஏறக்குறைய 14 லட்சத்து 25 ஆயிரம் லிட்டர். அடியில நாலு இடத்துல அசைவு மூட்டு இருக்குது. எல்லாம் சேந்து 500 மில்லிமீட்டர் முட்டும் அசைவைத் தாங்கும். இதுபோக, தொட்டியைத் தாங்கற கால்கள்ல ஜாக்கி வெச்சிருக்காங்க. ஒரு கோபுரம் கொஞ்சம் அமந்துட்டா அந்தப் பக்கத்தைத் தூக்கி மட்டத்தைச் சரி பண்ணிக்கலாம்.

எதுக்கு இவ்வளவு பாடுன்னா, விளிம்புக்கு மேல வழியற தண்ணியோட கனம் சில மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்க. நேர் விளிம்புல வழியற தண்ணிக்கு வாய்ப்பாடு: 1.84 பெருக்கல் விளிம்பு நீளம் பெருக்கல் தண்ணி உயரத்தோட 1.5 அடுக்கு. எல்லாம் மீட்டர்ல போட்டா விடை நொடிக்கு கன மீட்டர். 146 மீட்டர் விளிம்புல 3 மில்லிமீட்டர் கனம் வழிஞ்சா நொடிக்கு 44 லிட்டர். 6 மில்லிமீட்டர்னா 125 லிட்டர். கனம் ரெண்டு மடங்கானா தண்ணி கிட்டத்தட்ட மூணு மடங்கு. இதுல ஒரு முனை 10 மில்லிமீட்டர் தாழ்ந்துட்டா தண்ணி பூராவும் அந்த முனையிலயே ஓடிரும், எதிர் முனை காஞ்சு கிடக்கும். மடை ஒரு பக்கம் தாழ்வா இருந்தா பாத்தி பூராவும் பாயாதுல்லங்க, அதேதான்.

வழியற தண்ணி வானத்துல விழறதில்ல. விளிம்புக்கு அடுத்துத் தாழ்வா ஒரு வாங்கு தொட்டி இருக்குது, அங்க விழுந்து ஃபில்டருக்குப் போய் பம்பு வழியா திரும்பக் குளத்துக்கு வரும். போட்டோவுல தெரியற "விளிம்பே இல்லாத" தோற்றம், பாக்கற கண்ணோட உயரத்துக்கு அந்த வாங்கு தொட்டி மறைஞ்சிருக்கறதாலதான்.

---

ஆனமலை அடிவாரம்

பீளமேட்டண்ணா, இங்க பொள்ளாச்சி, வால்பாறை பக்கமெல்லாம் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் இந்த மாதிரிக் குளம் கட்டறாங்க. பாதியில ஒரு பக்கம் மட்டும் வழியுது, பம்பை நிறுத்தினா தண்ணி வெளிய கொட்டுது. காரணம் என்னங்ணா? சின்னக் குளத்துக்குக் கணக்கு எப்படி?

---

பீளமேடு மோட்டார்

தம்பி, 10 மீட்டர் நீளம் 5 மீட்டர் அகலக் குளம், நீளப் பக்கம் வழியுதுன்னு வெச்சுக்குவோம். 5 மில்லிமீட்டர் கனம் வேணும்னா அதே வாய்ப்பாட்டுல நொடிக்கு 6.5 லிட்டர், மணிக்கு 23,000 லிட்டர் வருது. இதுக்கு வேண்டியது எச்சா தண்ணி, கொறைஞ்ச ஹெட் (தண்ணியைத் தூக்கற உயரம்). போர்வெல்லுக்குப் போடற மாதிரி ஹெட் எச்சான மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினா கரண்டு பில்தான் ஏறும், விளிம்புல தண்ணி வராது.

ஒரு பக்கம் மட்டும் வழியறதுக்குக் காரணம் விளிம்பு மட்டம். 5 மில்லிமீட்டர் கனத்துக்கு விளிம்பு ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டருக்குள்ள சமமா இருக்கோணும். கொத்தனார் கான்கிரீட்டை மட்டம் பாத்திருப்பார். அதுக்கு மேல கல்லு ஒட்டறப்ப பசை கனம் மாறி நாலு மில்லிமீட்டர் போயிருக்கும். கல்லு ஒட்டினதுக்கு அப்புறம் குளத்தை நிரப்பி, பம்பு போடாம, தண்ணி மட்டத்தையே அளவுகோலா வெச்சு விளிம்பு பூராவும் அளந்து பாருங்க. மேடான இடத்தைத் தேய்ச்சு எடுக்கலாம். பள்ளமான கல்லைப் பேத்துத்தான் ஒட்டோணும்.

நிறுத்தினா கொட்டறதுக்குக் காரணம் வாங்கு தொட்டி சின்னதா இருக்கும், இல்லைன்னா மிதவை வால்வை உயரத்துல வெச்சிருப்பாங்க. பம்பு ஓடறப்ப தண்ணி குளத்துக்குப் போய் வாங்கு தொட்டி மட்டம் இறங்கும். மிதவை அதைப் பாத்துப் புதுத் தண்ணியை விட்டுரும். பம்பை நிறுத்தினதும் குளத்துல மேல நின்ன தண்ணி பூராவும் திரும்பி வரும், தொட்டி கொள்ளாது. மருந்து போட்ட தண்ணி தினமும் வீணாகும். மிதவையை, பம்பு ஓடறப்ப இருக்கற தாழ்ந்த மட்டத்துக்குக் கீழ வெச்சாச் சரியாயிரும்.

தொட்டி அளவுக்கு இப்படிக் கூட்டிக்கோங்க. 50 சதுர மீட்டர் குளத்து மேல 5 மில்லிமீட்டர்னா 250 லிட்டர். 12 பேர் இறங்கினா ஆளுக்கு 75 வீதம் 900 லிட்டர் வெளிய தள்ளும். ஃபில்டரைத் திருப்பிக் கழுவ ஆயிரம், ஆயிரத்து ஐநூறு. அலையடிச்சு வர்றது, குழாய்ல இருந்து இறங்கறது எல்லாம் சேத்து 4,000 லிட்டராவது வேலை செய்யற அளவு வேணும். பம்பு உறிஞ்சு வாய்க்கு மேல எப்பவும் நிக்க வேண்டிய தண்ணி இதுல சேராது. அது கொறைஞ்சா சுழல் விழுந்து காத்தை இழுக்கும், மோட்டார் இரையும்.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்கே உண்டானது. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. வழியற தண்ணியை விளிம்புலயே தூக்கி வெளிய வீசிரும். எந்தத் திசையில மலை தெரியுதோ அங்க விளிம்பை வெக்கறாங்க, காத்துத் திசையைப் பாக்கறதில்ல. வாங்கு தொட்டியை அகலமாக் கட்டோணும், காத்தடிக்கற மணி நேரத்துல வேகம் கொறையற மாதிரி மோட்டாருக்கு டிரைவ் போட்டுரோணும்.

---

நொய்யல்கரை

இந்தப் பதிவைத் தனியா எடுத்து வெக்கோணும்ணா. ரொம்ப நன்றி. இனி கேசினோ சட்டதிட்டம் தெரிஞ்சவங்க வாங்க. பாதிப்பேர் அரைகுறையாக் கேட்டுட்டுப் போய் வாசல்ல நிக்கறாங்க.

---

அவினாசி ரோடு

சிங்கப்பூர்ல கேசினோ ரெண்டே ரெண்டு. ஒண்ணு இது, இன்னொண்ணு செந்தோசாத் தீவுல இருக்கற ரிசார்ட்ஸ் வேர்ல்டு. 2005 ஏப்ரல்ல அரசாங்கம் அனுமதிக்க முடிவு பண்ணுச்சு, 2006-ல சட்டம் வந்துச்சு. சூதாட்டத்தால சொந்த மக்கள் கெட்டுப்போகக் கூடாதுங்கற கவலை அந்தச் சட்டத்துல வரிக்கு வரி தெரியும். அதனாலதான் வாசல்லயே ஆளுக்கொரு விதி.

21 வயசு நிறையாதவங்க உள்ள போக முடியாது. வெளிநாட்டுக்காரங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்ல, ஆனா பாஸ்போர்ட் அசல் கையில இருக்கோணும். போன்ல இருக்கற படம், ஜெராக்ஸ் ரெண்டும் செல்லாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 டாலர் கட்டோணும், வருசத்துக்குன்னா 3,000. முன்ன 100-ம் 2,000-மும் இருந்ததை 2019-ல ஏத்தினாங்க.

இது எதுக்கு நமக்குன்னா, அங்க நம்ம ஒறம்பரை இருப்பாங்க. "மாமா, நீங்களும் உள்ள வாங்க"ன்னு கூப்பிட்டுருவோம். அவரு நிரந்தரவாசியா இருந்தா 150 டாலர் கட்டிட்டுத்தான் வரோணும். கட்டாம உள்ள போறது குற்றம். 24 மணி நேரத்துக்கு மேல உள்ள இருந்தாலும் குற்றம். கட்டின பணம் திரும்பாது. அது கேசினோ முதலாளிக்கும் போறதில்ல, பொதுக் காரியத்துக்கு அரசாங்க வாரியத்துக்குப் போகுது. வேலை அனுமதியில இருக்கறவங்களுக்குக் கட்டணம் இல்ல.

உள்ள ஏடிஎம் வெக்கறதுக்கே சட்டத்துல எடமில்ல. போட்டோ, வீடியோ எடுக்கக் கூடாது. செருப்பு, கையில்லாத பனியன் போட்டுட்டு வர்ற ஆம்பளைங்களைத் திருப்பி அனுப்புவாங்க. ஷூவும் முழுக்கால் சட்டையும் போட்டுட்டுப் போங்க. 24 மணி நேரமும் திறந்திருக்கும். குழந்தை இருந்தா வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் மாறி மாறித்தான் போக முடியும், வாசல்ல விட்டுட்டுப் போக எடமில்ல.

---

பவானிக் கூடுதுறை

அண்ணா, சிங்கப்பூர்ல கட்டட வேலைக்குப் போன பசங்க சிலபேர் சம்பளத்தை அங்க விட்டுட்டு வர்றாங்கன்னு ஊர்ல பேச்சு. அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?

---

அவினாசி ரோடு

இருக்குதுங்க. தன்னைத்தானே தடை பண்ணிக்கற ஏற்பாடு இருக்குது. சிங்கப்பூர்ல சூதாட்டப் பிரச்சனைக்குன்னு தேசிய மன்றம் ஒண்ணு உண்டு. அதோட இணையதளத்துல பதிவு பண்ணிட்டா ரெண்டு கேசினோவும் அவரை உள்ள விடாது. வேலை அனுமதியில இருக்கறவங்களும் பண்ணலாம். குடும்பத்தார் விண்ணப்பிச்சுத் தடை வாங்கற வழியும் தனியா இருக்குது. அங்க இருந்தபடியே கூப்பிட உதவி எண் 1800-6668-668. பையன்கிட்டக் கோவிச்சுக்காம, பக்கத்துல உக்காந்து பதிவு பண்ண வெக்க அங்க இருக்கற உறவுக்காரங்க யாராச்சும் உதவினா நல்லது. பதிவு பண்ணினது முதலாளிக்குத் தெரிஞ்சுருமோங்கற பயத்துலதான் பல பேர் தள்ளிப் போடறாங்க.

---

கணக்கு ட்யூசன்

உள்ளே போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போகட்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைக்காரருக்கு நிரந்தரமான ஒரு சாதகம் உண்டு. ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டில் 37 குழிகள்; ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்குதான் தருவார்கள். அதனால் 100 டாலருக்குச் சராசரி நஷ்டம் 2.70. இரட்டைப் பூஜ்யம் என்றால் 5.26. உட்காரும் முன் சக்கரத்தில் பூஜ்யம் ஒன்றா இரண்டா என்று பார்த்தால் போதும், நஷ்டம் பாதியாகிவிடும்.

பக்காரா என்ற சீட்டாட்டத்தில் பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம்; கடைக்காரரின் சாதகம் பேங்கர் பக்கம் 5 சதக் கமிஷன் போக 1.06 சதம், பிளேயர் பக்கம் 1.24. டை (இரண்டும் சமம்) என்று கட்டினால், 8 மடங்கு தரும் மேசையில் 14.36. டை கட்டத்தில் ஆசைப்பட்டுக் கட்டுகிறவர்கள் அதிகம். மேசையிலேயே மோசமான இடம் அதுதான். "கமிஷன் கிடையாது" என்று எழுதியிருக்கும் மேசையில் பேங்கர் 6 புள்ளியில் ஜெயித்தால் பாதிதான் தருவார்கள். அங்கே சாதகம் 1.46 ஆக ஏறுகிறது. கமிஷன் இல்லை என்ற பெயரில் அதிகம் வாங்கும் ஏற்பாடு அது.

பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 2 டாலருக்கு 3 தருகிறார்களா, 5 டாலருக்கு 6 தருகிறார்களா என்று மேசைத் துணியிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டாவதில் ஏறக்குறைய 1.4 சதம் கூடுதலாகப் போகும்.

சதத்தைவிட வேகம்தான் பையைக் காலி செய்கிறது. கட்டும் தொகை, மணிக்கு எத்தனை ஆட்டம், சாதகம் மூன்றையும் பெருக்குங்கள். 25 டாலர் வீதம் மணிக்கு 70 ஆட்டம் பக்காரா பேங்கர் பக்கம் ஆடினால் 25 × 70 × 0.0106, அதாவது மணிக்குச் சராசரியாக 18.55 டாலர். இதே 25 டாலரை இரட்டைப் பூஜ்ய ரூலெட்டில் மணிக்கு 40 சுற்று போட்டால் 52.60. இது சராசரி; ஒரு நாள் ராத்திரியில் இதற்குப் பல மடங்கு மேலேயும் கீழேயும் போகும். எலெக்ட்ரானிக் மேசையில் வேகம் இன்னும் கூடுதல்.

---

சூலூர் காத்து

ட்யூசன் சார், தோத்தா ரெட்டிப்பு, தோத்தா ரெட்டிப்புன்னு போட்டுட்டே போனா என்னைக்காச்சும் ஒரு தடவை ஜெயிச்சுத்தானே ஆகோணும்? போட்டது பூரா வந்துருமே.

---

கணக்கு ட்யூசன்

இரண்டு சுவர்கள் தடுக்கும் தம்பி: மேசையின் உச்ச வரம்பு, நம் பை. 25-ல் தொடங்கினால் 25, 50, 100, 200, 400, 800, 1,600. ஏழு தோல்வியில் 3,175 டாலர் போய்விடும். எட்டாவதற்கு 3,200 வேண்டும். இத்தனையும் 25 டாலர் ஜெயிப்பதற்காக.

ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் சிவப்புக்குக் கட்டித் தோற்கும் வாய்ப்பு 37-க்கு 19. ஏழு தடவை தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய 106-க்கு ஒன்று. அபூர்வம் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஜெயிப்புக்குப் பிறகும் புதிதாகத் தொடங்குகிறீர்கள். ஒரு ராத்திரிக்குள் அப்படி எத்தனையோ தொடக்கம் வந்துவிடும். ஒரு தொடக்கத்துக்குச் சராசரி பார்த்தால் ஜெயிப்பு 24.76, நஷ்டம் 29.90, ஆக 5 டாலர் போகிறது. எந்த வரிசையில் கட்டினாலும் 2.70 சதம் மாறாது. வெளியே பலகையில் முந்தைய எண்களை ஓட விடுவது, நமக்கு ஏதோ தெரிவதுபோல் தோன்றச் செய்வதற்குத்தான். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது.

போக ஆசைப்படுகிறவர்கள் ஒரு தொகையைப் பணமாக எடுத்துக்கொண்டு, கார்டுகளை ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஏடிஎம் உள்ளே இல்லாதது இங்கே நமக்கு உதவி.

---

ஆடிட்டர் மேசை

பணம் கொண்டுபோறது, கொண்டுவர்றது பத்திச் சுருக்கமா. இந்தியாவுல இருந்து போறப்ப வெளிநாட்டு நோட்டா 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு முட்டும்தான் கொண்டுபோகலாம், மீதி கார்டுல. லாட்டரிச் சீட்டு, பந்தயச் சீட்டு வாங்கறதுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நம்ம அந்நியச் செலாவணி விதியில தடை இருக்குது. சூதாட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு கார்டு ஒப்பந்தத்துலயே பல பேங்க் போட்டிருக்கும். அதனால கேசினோ கவுண்டர்ல கார்டைத் தேய்க்காதீங்க.

ஜெயிச்சா சிங்கப்பூர்ல வரி இல்லைன்னு சொல்வாங்க. நீங்க இந்தியாவுல வசிக்கறவங்களா இருந்தா உலகத்துல எங்க ஜெயிச்சாலும் இங்க கணக்குல காட்டோணும். 30 சதம் வரி, மேல செஸ். தோத்ததைக் கழிச்சுக் காட்ட முடியாது. 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல நோட்டாக் கொண்டுவந்தா விமான நிலையத்துல சுங்கத்துக்கிட்ட எழுதிக் குடுக்கோணும்.

இன்னொண்ணு கேட்டுக்கோங்க. ஊர்லயே இருந்துட்டு "அந்தக் கேசினோவோட ஆன்லைன் டேபிள்"னு வாட்சப்புல லிங்க் அனுப்பறானுங்க. நம்ம நாட்டுல பணம் கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டத்தை 2025-ல மத்தியச் சட்டமே தடை பண்ணிருச்சு. தமிழ்நாட்டுல அதுக்கு முன்னாடியே தனிச் சட்டம் இருக்குது. அந்த லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

---

பனியன்நகர்

கேசினோ வேண்டாமுங்க, பெரியவங்களும் பசங்களும் வர்றாங்க. ஒரே பொழுதுல எதெதைப் பாக்கலாம்? ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸி இல்லாம வர முடியுமா?

---

மருதமலை படிக்கட்டு

வரலாமுங்க. சாங்கி ஏர்போர்ட் ஸ்டேசன்ல ஏறி எக்ஸ்போவுல இறங்கி, நீலக் கோடு டவுன்டவுன் லைன்ல மாறினா நேரா பேஃப்ரண்ட். ஸ்டேசனுக்கு மேலயே ஹோட்டலும் கடைவீதியும். சீட்டு வாங்க நிக்க வேண்டாம், காண்டாக்ட்லெஸ் கார்டை வாசல்ல தட்டினாப் போதும், ஆளுக்கொரு கார்டு வேணும். 0.9 மீட்டருக்குக் கீழ இருக்கற குழந்தைக்குக் காசில்ல.

பொழுதுக்கான வரிசை இதுங்க. சிங்கப்பூர்ல வருசம் பூராவும் சூரியன் 7 மணியை ஒட்டித்தான் விழும். அதனால பார்வைத் தளத்துக்கு 6 மணிக்கு மேல ஏறுங்க. வெளிச்சத்துலயும் பாத்த மாதிரி, விளக்கு எரியறதையும் பாத்த மாதிரி ஆச்சு. 7.30-க்குக் கீழ இறங்கிருங்க. லிஃப்டுக்கு நிக்கற நேரத்தையும் சேத்துக்கோணும். 8 மணிக்குக் கடைவீதிக்கு முன்னாடி தண்ணியோரம் ஈவன்ட் பிளாசாவுல ஸ்பெக்ட்ரா, ஒளியும் நீரும் சேந்த காட்சி, 15 நிமிசம், இலவசம். 9 மணிக்கு இன்னொரு தடவை, வெள்ளி சனியில 10 மணிக்கும் உண்டு. தண்ணித் திரையில விழற படம் இந்தப் பக்கம் நின்னாத்தான் தெரியும். எதிர்க்கரையில நின்னா கட்டடத்து மேல இருந்து பாயற ஒளிக்கதிர் மட்டும்தான்.

8.15-க்கு முடிஞ்சதும் பின்பக்கம் நடந்தா கார்டன்ஸ் பை தி பேங்கற பெரிய தோட்டம். 8.45-க்கு அங்க மரம் மாதிரி உயரமாக் கட்டி வெச்சிருக்கற சூப்பர் மரங்கள்ல பாட்டோட விளக்குக் காட்சி, அதுவும் இலவசம். 20 நிமிச நடை. பெரியவங்களுக்கு முட்டி வலி இருந்தா இதை மாத்திக்கோங்க: 7.45-க்கு முதல் மரக்காட்சி, அப்புறம் மெதுவா நடந்து 9 மணி ஸ்பெக்ட்ரா. அப்படிப் பண்ணினா பார்வைத் தளத்தை மதியத்துக்கு மாத்தோணும், நான் அதை விரும்பமாட்டேன்.

மரத்துக்கு நடுவுல இருக்கற பாலம், ரெண்டு கண்ணாடிக் கூடாரம் இதுக்கெல்லாம் டிக்கெட். மேகக் காடுங்கற கூடாரத்துக்குள்ள 35 மீட்டர் அருவி இருக்குது, உள்ள குளுகுளுன்னு இருக்கும், பெரியவங்களுக்கு ஒரு சால்வை எடுத்துட்டுப் போங்க. மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்கு மூடுவாங்க, தேதியை முன்னாடியே பாத்துக்கோங்க.

---

ஊத்துக்குளி வெண்ணெய்

சாப்பாடு? சுத்த சைவமுங்க நாங்க.

---

மருதமலை படிக்கட்டு

கடைவீதி அடித்தளத்துல உணவுக்கூடம் இருக்குதுக்கா, ஆனா விலை எச்சு, சைவத்துக்குத் தேடோணும். பேஃப்ரண்ட்ல ஏறினா அதே நீலக் கோட்டுல நாலாவது ஸ்டேசன் லிட்டில் இந்தியா, மாறவே வேண்டாம். சிராங்கூன் ரோட்டுல கோமள விலாஸ் 1947-ல இருந்து இருக்குது. அதைச் சுத்தி இட்லி தோசைக்குப் பஞ்சமே இல்ல. அக்கம்பக்கம் தமிழ்லயே கேட்டுக்கலாம், அங்க தமிழ் ஆட்சிமொழி. ராத்திரிக் காட்சி முடிஞ்சு போறதா இருந்தா கடை மூடற நேரத்தைப் பாத்துக்கோங்க. மெட்ரோவும் நடுராத்திரியை ஒட்டி நின்னுரும்.

பையில புகையிலைப் பாக்கு பொட்டலம், இ-சிகரெட் எதுவும் வேண்டாம். அங்க ரெண்டும் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பாக்கெட் இருந்தாலும் சொல்லோணும். பெரியவங்க வெத்தலைப் பையை ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டே விமானம் ஏத்துங்க.

---

பொள்ளாச்சி இளநீர்

மழை வந்தா? லீவு முடிஞ்சு மார்கழியில போற மாதிரியும் ஒரு ரோசனை இருக்குது.

---

மருதமலை படிக்கட்டு

கார்த்திகை, மார்கழி அங்க நல்ல மழைங்க. இடி மின்னல் வந்தா குளத்துல இருந்து எல்லாரையும் ஏத்திருவாங்க, ஸ்பெக்ட்ராவும் நிக்கும், மரத்துப் பாலமும் மூடும். அந்த மாசத்துல குளத்துக்காக ரூம் போடறது நட்டம். மழை நாளைக்கு ஆர்ட்சயின்ஸ் அருங்காட்சியகம் போங்க. பத்து இதழ் வெச்ச தாமரை வடிவக் கூரை, நடுவுல திறப்பு. கூரையில விழற மழை பூராவும் நடுவுல சேந்து 35 மீட்டர் உயரத்துல இருந்து கீழ குட்டைக்கு விழும். அந்தத் தண்ணியைக் கழிப்பறைக்கு எடுத்துக்கறாங்க. கடைவீதிக்குள்ள இதே மாதிரி, மேல அகலமான அக்ரிலிக் கிண்ணத்துல தண்ணி சுழிச்சுக் கால்வாய்ல கொட்டும். நெட் கான் வடிவமைச்சது. அதுக்கு நேரம் போட்டிருப்பாங்க. கால்வாய்ல படகுச் சவாரியும் இருக்குது, பசங்களுக்குப் பிடிக்கும், பெரியவங்களுக்கு அவசியமில்ல.

---

பீளமேடு மோட்டார்

அந்த அருங்காட்சியகக் கூரையை எல்லாரும் பாத்துட்டு வாங்க. மழைநீர் சேகரிப்பைப் பின்கட்டுல ஒளிச்சு வெக்காம நடுக்கூடத்துல காட்டியிருக்காங்க.

நாலாவது கோபுரம் ஒண்ணு வேலை நடக்குது. 2025 ஜூலையில பூமிபூஜை போட்டாங்க, அதுவும் சாஃப்டி வரைஞ்சதுதான், 15,000 பேர் உக்கார்ற அரங்கத்தோட வருது. திறக்க 2031 ஆகும்னு சொல்லியிருக்காங்க. ரூம் போடறப்ப கட்டட வேலைப் பக்கம் பாத்த ரூம் வேண்டாம்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

---

பனியன்நகர்

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. பார்வைத் தளத்துக்கு ஏறலாமுங்களா?

---

மருதமலை படிக்கட்டு

ஏறலாமுங்க, லிஃப்டுலயே போயிரலாம். பேஃப்ரண்ட் ஸ்டேசன்லயும் லிஃப்ட் இருக்குது, கார்டன்ஸ் பக்கம் போற சுரங்கப்பாதையும் மட்டமாத்தான் இருக்கும். கோயமுத்தூர்ல டிக்கெட் போடறப்பவே விமானக் கம்பெனிகிட்ட சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு பண்ணிருங்க. சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கறதுக்கு மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல நிரப்போணும், அதுக்குக் காசு கிடையாது. காசு கேக்கற வெப்சைட் எதுவா இருந்தாலும் அது அரசாங்கத்தோடது இல்ல. விசா அதுல இருந்து தனி, அங்கீகரிச்ச ஏஜென்ட் வழியா முன்னாடியே வாங்கிரோணும்.